வழிப்போக்கனின் இலை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூர்க் கோயிலைப் பற்றி எழுதுவர். பள்ளிவாசலைப் பற்றி எழுதுவர். கோட்டை இடிந்து கிடந்தால் அதன் மதிற்சுவரை அளந்து எழுதுவர். அவ்வூருக்கு வந்த வழிப்போக்கன் எங்கே உண்டான், யார் பக்கத்தில் அமர்ந்து உண்டான், அவனை யார் எழுப்பி அனுப்பினார் என்பதை எழுதுவோர் மிகச் சிலர். காப்பிக் கடையை வரலாற்றுக்குள் கொண்டுவந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' போன்ற நூல்கள் தமிழில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

மேல்நாட்டார் இதில் நம்மினும் கருத்துடையவர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1773-இல் 'சிட்டி டேவர்ன்' என்றொரு விடுதி திறக்கப்பட்டது. உணவும் மதுவும் படுக்கையும் அங்கே கிடைத்தன. மறு ஆண்டில் குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் அங்கேதான் கூடிப் பேசினர். 1834-இல் அது தீப்பற்றியது. 1854-இல் இடித்துத் தள்ளப்பட்டது. தங்கள் நாட்டு விடுதலையின் 200-ஆம் ஆண்டாகிய 1976-இல் அம்மக்கள் அதே இடத்தில் அதே வடிவில் அதனை மீண்டும் எழுப்பினர். ஒரு சாப்பாட்டு விடுதிக்கு இத்தனை மரியாதையா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் மனிதர் கூடி உண்ணும் இடமே அவர்கள் கூடிப் பேசும் இடமுமாகும்.

நம் நாட்டிலோ கூடிப் பேசுவதற்கு முன்னரே வேறொரு கேள்வி எழுந்துவிட்டது. கூடி உண்ணலாமா என்பதே அக்கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு விடை காண நம்மவர்க்கு எத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன என்பதை, நெல்லைச் சீமையின் தென்கோடிச் சாலையாகிய வள்ளியூர்ச் சாலையில் நின்றுகொண்டு நாம் எண்ணிப் பார்ப்போம்.

நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே உள்ள ஊர் வள்ளியூர். பொருநை இவ்வூருக்குப் பாய்வதில்லை. பனையும் உடைமரமும் நிறைந்த செம்மண் நிலம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வீசும் காற்று. குன்றைக் குடைந்து அமைத்த முருகன் கோயில். அருகே முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஏர்வாடி. நெல்லைக்கு மணியாச்சி வழியாக 1876-இலேயே இரயில் வந்துவிட்டது. வள்ளியூர் வழியே நாகர்கோவிலுக்கு இரயில் ஓடத் தொடங்கியதோ 1981-இல்தான். அதுவரை இவ்வழியே தெற்கே போனவர் அனைவரும் சாலை வழியே போனவர்கள்: கால்நடையாக, மாட்டு வண்டியில், பின்னாளில் பஸ்ஸில். 1956 வரை ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருவிதாங்கூர்ச் சீமை. ஆகவே கணவாயைத் தாண்டுமுன் வயிற்றுக்கு ஏதேனும் இட்டுக்கொள்ளும் ஊர்களில் இதுவும் ஒன்றாயிற்று.

பழங்காலத்தில் அந்த வயிற்றுக்குப் பொறுப்பேற்றவை சத்திரங்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் தென்திசைச் சாலைகளைச் செப்பனிட்டு, இருமருங்கும் மரம் வைத்து, சத்திரங்கள் கட்டினாள் என்பதை நாடறியும். மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் இப்பகுதியில் வழங்குகிறது. அறம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் சத்திரத்து அறம் அனைவர்க்கும் ஒரே பந்தியில் கிடைத்த அறம் அன்று. உள்ளே அமர்த்தி உண்பிக்கப்படுவோர் சிலர். திண்ணையோடு நிற்போர் சிலர். வாசற்படியைக்கூட அணுக இயலாதோர் பலர். சோற்றைக் காசுக்கு விற்பது பாவம் என்று நம்பிய சமூகம் அது. இலவசமாகக் கொடுக்கும்போது, பெறுகிறவன் யார் என்று கேட்கும் உரிமையும் கொடுப்பவனுக்கு வந்துவிடுகிறது. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இவ்வழக்கங்களை அயல்நாட்டார் கண்டு எழுதிய குறிப்புகள் நமக்குப் பேருதவி புரிகின்றன. பொருநை கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் என வழங்கிய நம் தமிழ்க் கரையின் மக்களைக் குறித்து வியந்து ஒன்று சொல்கிறார். அவர்கள் பாத்திரத்தை வாயில் வைத்துக் குடிப்பதில்லையாம், அண்ணாந்தே குடிப்பார்களாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடிகலமாம். கலம் இல்லாத அயலான் வந்தால் அவன் கையில் நீரை வார்ப்பார்களாம். மது அருந்துவோனின் சாட்சியத்தை அவர்கள் ஏற்பதில்லை என்பதையும் அவர் குறித்துள்ளார். ஐரோப்பாவில் மதுக்கடையே வழிப்போக்கனின் உணவு விடுதியாகவும் இருந்தது; நம் நாட்டில் கள்ளுக்கடை வேறு, சோற்றுக்கடை வேறு என்று பிரிந்து நின்றதன் வேரை இங்கே காணலாம்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1340களில், இப்னு பதூதா வந்தார். மலையாளக் கரையின் சாலைகளைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி, உணவு விடுதியின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. அரைக்கல் தொலைவுக்கு ஒன்றாக மரத்தாலான தங்கிடங்கள், அவற்றில் திண்ணைகள், யாராயினும் அமரலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு; நீர் வழங்க ஓர் ஆள். அந்த ஆள் தம் சமயத்தார்க்குப் பாத்திரத்தில் நீர் தருவான்; முஸ்லிம் பயணிக்குக் கையில் வார்ப்பான், போதும் என்று சைகை காட்டும் வரை. முஸ்லிம்கள் அவர்தம் வீடுகளுக்குள் செல்வதில்லை, அவர்தம் கலங்களில் உண்பதுமில்லை. முஸ்லிம்கள் இல்லாத ஊராயின், அவ்வூரார் சமைத்து வாழையிலையில் இட்டுக் கறியும் ஊற்றுவர். உண்டு எஞ்சியது நாய்க்கும் பறவைக்கும் போய்ச் சேரும். ஆயினும் வழிநெடுக ஒவ்வொரு தங்கலிலும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. பயணி அங்கே இறங்குவான்; வேண்டியதை விலைக்கு வாங்குவான்; அவர்களே சமைத்தும் கொடுப்பார்கள். அவ்வீடுகள் மட்டும் இல்லையேல் எந்த முஸ்லிமும் அந்நாட்டில் பயணம் செய்திருக்க முடியாது என்று முடிக்கிறார் அந்தப் பெரும் பயணி.

இக்குறிப்பை நாம் இருவிதமாகப் படிக்கலாம். அவமதிப்பு என்று படிப்போர் உண்டு. ஆனால் தன் கலத்தில் தராதவனும் தண்ணீர் தராமல் விட்டானில்லை. பசித்தவனுக்கு இலை போடாமல் இருந்தானில்லை. தொடாமையும் விருந்தோம்பலும் ஒரே கையிலிருந்து வந்தன. நம் நாட்டின் புதிர் இதுதான். இன்றும் ஓட்டலில் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கும் பெரியவர்களைக் காணும்போது, அது தூய்மையா, தீட்டச்சமா என்று பிரித்துச் சொல்ல யாரால் இயலும்? முசாபர் எனப்படும் வழிப்போக்கனை ஜகாத் பெற உரியோருள் ஒருவனாகத் திருக்குர்ஆன் வைத்திருப்பதை அறிந்த நம்மவர்க்கு, வழியில் சோறு கிடைப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை.

சோறு விற்கும் கடை நம் பக்கத்தில் பரவியது காப்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். அந்தக் காப்பி முஸ்லிம் உலகின் கொடை. 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு முழுதும் திக்ரில் விழித்திருக்க அதனைப் பருகினர். 1511-இல் மக்காவில் அதிகாரி ஒருவர் காப்பிக் கடைகளை மூடுவித்தார். கூடிப் பேசும் மனிதரைக் கண்டு அதிகாரத்துக்கு அச்சம் வருவது புதிதன்று. தடை நிலைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் சிரியா நாட்டார் இருவர் காப்பி இல்லங்களைத் திறந்தனர். காதியும் கவிஞனும் வேலையற்றவனும் ஒரே மெத்தையில் அமர்ந்தனர். 1652-இல் இலண்டனிலும் காப்பிக் கடை வந்தது. அங்கும் மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675-இல் தடை போட்டுப் பார்த்தார். சில நாள்களிலேயே திரும்பப் பெற்றார். சிக்கமகளூர் மலையில் அடங்கியுள்ள பாபா புதன் ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொணர்ந்து விதைத்தார் என்பது மரபு.

இத்தனை நாடுகளில் மனிதரைக் கலந்து அமரச் செய்த அந்தக் காப்பி, தமிழகத்து நகரங்களுக்கு வந்தபோது மட்டும் சுவர் எழுப்பிக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளப் என்றும் காப்பி கிளப் என்றும் வழங்கிய கடைகளில், பிராமணர்க்கு உட்புறம், ஏனையோர்க்கு வெளிப்புறம் என்ற பாகுபாடு இருந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு எப்புறமும் இல்லை. சத்திரத்தில், கொடுப்பவன் 'நீ யார்' என்று கேட்டான் என்றோம். கடையிலோ கேட்க வேண்டியது 'காசு இருக்கிறதா' என்பது ஒன்றே. காசைக் கொடுத்த பின்னும் 'நீ யார்' என்று கேட்ட விந்தை நம் நாட்டு ஓட்டலுக்கே உரியது. இரயில் வந்தால் சாதி போகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையே விடை சொல்லிற்று. ஒரே பெட்டியில் முழங்கால் இடிக்க வந்தவர்கள், இறங்கியதும் இரு வேறு அறைகளில் இட்டிலி தின்றார்கள். தென்னிந்திய இரயில்வேயில் அந்தப் பாகுபாடு ஒழிந்தது 1941-இல்.

இக்கேள்வி நம் பொருநைக் கரையிலேயே ஒருமுறை நாட்டை உலுக்கியிருக்கிறது. இலண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று புரட்சியாளராகத் திரும்பிய வ.வே.சு. ஐயர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர், 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். பின்னர் அது சேரன்மாதேவிக்கு மாறியது. நாட்டுக்கு உழைக்கும் இளைஞரை உருவாக்குவது நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரம் அளித்தது. அங்கே பிராமண மாணவர் இருவர்க்கு மட்டும் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. இரண்டே இலைகள்! ஐயர் தாம் அனைவரோடும் அமர்ந்து உண்பவர் என்பர். பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கியே அவ்விரு சிறுவர்க்கும் விலக்களித்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் இதனை விடவில்லை. நாட்டின் பணத்தில் நடக்கும் பந்தியில் பேதம் கூடாது என்றனர். காந்தியடிகள் வரை வழக்கு சென்றது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் நீரில் விழுந்த தம் மகளைக் காக்கக் குதித்து உயிர் துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைக்காக ஈ.வெ.ரா. காங்கிரசைத் துறந்தார். அப்பிளவுக்கு முன்னோடி சேரன்மாதேவியில் விரித்த அந்த இரண்டு இலைகள் என்பதை வரலாறு படிப்போர் எவரும் மறுக்கார். ஐயரின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பவரல்லர். பெரிய மனிதர்களும் சாப்பாட்டுத் தட்டின் முன் தயங்கி நின்றனர் என்பதே நாம் காட்ட விரும்புவது.

விடுதலைக்குப் பின் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் விதி, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சமயம், சாதி, பிறப்பு முதலியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பலகை இறங்கவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரி 1957-இல் திராவிடர் கழகத்தார் நடத்திய மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். கடைசியில் அச்சொல் நீக்கப்பட்டது. கிராமப்புறத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையோ அதற்குப் பிறகும் பல்லாண்டு பிழைத்திருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடிக் கிளாஸ். மற்றொரு சாராருக்குத் தனியே மாட்டி வைத்த டம்ளர் அல்லது சிரட்டை. குடித்தவனே அதைக் கழுவி வைக்க வேண்டும். இக்குறை எச்சமூகத்தார் நடத்திய கடையில் இருந்தாலும் குறையே.

நம் நாட்டை மட்டும் குறை கூறுவதற்கில்லை. விடுதலைப் பேச்சு பேசிய அதே அமெரிக்காவில், 1960 பிப்ரவரி முதல் நாள், கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடைக்குள் சென்று சில பொருள்களை விலைக்கு வாங்கினர். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டார். பின்னர் அதே கடையின் சிற்றுண்டி மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். இல்லை என்றது கடை. மறுநாளும் வந்தனர், அடுத்த நாளும் வந்தனர், பலர் சேர்ந்தனர், ஊர் ஊராகப் பரவிற்று. ஜூலை 25-இல் அந்த மேடையில் கறுப்பினத்தார்க்கு உணவு வைக்கப்பட்டது. பொருளை விற்பதில் அங்கே தடையில்லை; அருகே அமர்வதில்தான் தடை. ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் பெயரால் விற்கும் நாட்டுக்கும், இட்டிலிச் சட்டினிக்குப் பெயர்போன நாட்டுக்கும் இந்த ஒரு நோய் மட்டும் பொதுவாய் இருந்தது வியப்பே.

நெல்லைக் கீழரத வீதியின் இருட்டுக் கடையை இங்கே நினைவுகூரலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மாலையில் திறந்து அல்வா தீர்ந்ததும் மூடும் கடை. வரிசையில் நிற்பவனின் பெயரையும் ஊரையும் அங்கே யாரும் கேட்டதில்லை. அல்வா என்ற சொல் அரபுச் சொல். கிண்டியவர்கள் இராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பத்தார். கோதுமைப் பாலோடு சேர்வது பொருநைத் தண்ணீர் என்பது நம்மூர்ப் பெருமை. ஆனால் அது வாங்கிக்கொண்டு நகரும் கடை. இலை போட்டு அமர்த்தும் கடையில்தான் சமூகத்தின் நெஞ்சம் தெரியும்.

அமர்த்தும் கடைகளில் முஸ்லிம் கடைகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. '786' என்ற எண்ணையோ பிறையையோ பலகையில் தாங்கி நிற்கும் சாலையோரக் கடைகளை நெல்லையிலிருந்து கணவாய் வரை காணலாம். இப்னு பதூதா கண்ட முஸ்லிம் வீடுகளின் வழித்தோன்றல்கள் இவை. ஹலால் உணவு தேடும் பயணிக்காக எழுந்தவை. ஆனால் பெஞ்சில் வந்து அமர்ந்தவர்கள் எல்லாச் சமூகத்தாரும். லாரி ஓட்டுநர், சந்தைக்கு வந்த விவசாயி, பனையேறி, பஸ் கண்டக்டர் ஆகியோர் ஒரே நீளப் பெஞ்சில் தோள் உரச அமர்ந்து, பிய்த்துப் போட்ட புரோட்டாவின்மேல் சால்னா ஊற்றச் சொன்னார்கள். எச்சில் இலையை எடுத்தவனும் எவன் இலை என்று பார்த்து எடுக்கவில்லை. ஒரே ஸஹனில் சிலர் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் காயல்பட்டினத்து விருந்து முறையை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. வரக்கூடாதென்று அங்கே யாரையும் தடுக்கவில்லை. வராதவர்கள் தாமாக வராதவர்களே. புலால் உண்ணாதார் வராதது அவரவர் நெறி. தம் தெருவார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, இருட்டிய பின் வந்து உண்டு போனவர்களின் கதை வேறு.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஹலால் ஐயம் இல்லாமல் நம் குடும்பங்கள் வெளியூரில் நம்பி உண்டது சைவ ஓட்டலில்தான். ஒரு காலத்தில் உட்புறம், வெளிப்புறம் என்று பிரித்த அதே வகைக் கடை, சட்டமும் போராட்டமும் காலமும் சுவரை இடித்த பின், முஸ்லிம் பயணிக்கு மிகவும் எளிய உணவகமாயிற்று. பகைமையால் எழுந்த சுவர்கள் எல்லாம் பகைமையாகவே முடிவதில்லை.

கடைகளின் பெயர்களில் பழைய எல்லைகள் ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒரு வேடிக்கை. செங்கோட்டை அருகே பிரானூரில் உள்ள ரஹ்மத் புரோட்டாக் கடையை 'பார்டர் கடை' என்றே மக்கள் அழைக்கின்றனர். இரண்டு மாநிலத்தாரும் வண்டியை நிறுத்தி, புரோட்டாவும் நாட்டுக்கோழியும் உண்டு செல்லும் புகழ் பெற்ற இடம். அங்கே இன்று எல்லை எதுவும் இல்லை. 1956 நவம்பர் முதல் நாளில் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தபோது, எல்லை மேற்கே புளியரைப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதே நாளில்தான் குமரி மாவட்டமும் இணைந்து, வள்ளியூருக்குத் தெற்கே கணவாயில் இருந்த எல்லையும் மறைந்தது.

இவ்வளவும் ஆண்களின் வரலாறு. கிளப் கடையாயினும் புரோட்டாக் கடையாயினும் பெஞ்சில் அமர்ந்தவர் ஆண்களே. எந்தச் சாதியின் பெண்ணும், எந்தச் சமயத்தின் பெண்ணும் தனியே சென்று அங்கே ஒரு டீ கேட்டுவிட முடியாது. ஏர்வாடியிலிருந்து நெல்லைக்கு மருத்துவத்துக்காகப் போன நம் வீட்டுப் பெண்கள், விடியுமுன் எழுந்து சோற்றைக் கட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள். கட்டாமல் போனவர்கள் பசியோடு திரும்பினார்கள். வீட்டு ஆண்கள் கடையில் உண்டுவிட்டு, வாழையிலையில் வைத்துச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடையின் சுவை பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆறிப்போன பொட்டலத்தின் வழியேதான். பிறகு 'குடும்ப அறை' வந்தது: கடையின் மூலையில் ஒரு தடுப்பு, ஒரு துணித் திரை, உள்ளே இரண்டு மேசை, சுற்றாத மின்விசிறி. அதுவும் கணவனோ மகனோ முன்னே நடந்தால்தான் திறக்கும் திரை. இன்று மதுரைக்கும் குமரிக்கும் இடையே போடப்பட்ட நாற்கரச் சாலை வள்ளியூரின் பழைய கடைத்தெருவைத் தொடாமல் விலகிச் செல்கிறது. அச்சாலை ஓரத்து உணவகங்களில் நான்கு தலைமுறைப் பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கக் காண்கிறோம். பேத்தி, தனக்கு என்ன வேண்டும் என்று பரிமாறுபவரிடம் தானே சொல்கிறாள். பாட்டி மட்டும் வழக்கம்போல் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறாள்.